அண்ணை மாற்றிய கறண்ட் கம்பனி

ஹரோ
2 பெப்ரவரி 2025

அன்புள்ள பியற்றிஸ்,

நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பியவையும் பார்க்கப்படாமலே கிடக்கின்றன. உன் மச்சாள் மெலனி கூப்பிட்டால் மட்டும் இரண்டு வார்த்தை பேசுகிறாயாம். என் பெயர் வந்ததும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுகிறாயாம். அதனால்தான் எழுதுகிறேன்.

சூசைதாசன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று இன்று பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ சொல்லித்தான் தெரியும். தங்கையின் புருசனுடைய சுகத்தை நான் ஊராரிடம் கேட்டு அறிய வேண்டியிருக்கிறது.

நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று மெலனியிடம் சொன்னாயாம். உன் ஆத்திரம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒன்றை நீ அறிய வேண்டும். ஜனவரி பதினான்காம் திகதி உன் தெருவில் கறண்டை நிறுத்தியது நான் மாற்றித் தந்த கம்பனி அல்ல. பில் அனுப்புகிற கம்பனி வேறு, நிலத்துக்கடியில் கம்பியைப் பராமரிக்கிற நிறுவனம் வேறு. அன்று தெருவைக் கிண்டியவர்கள் கம்பிக்காரர். நீ பழைய கம்பனியிலேயே இருந்திருந்தாலும் அதே நிமிடத்தில் கறண்ட் போயிருக்கும். பக்கத்து வீட்டுத் துருக்கிக்காரருக்கு வேறு கம்பனி. அவருக்கும் போனதுதானே?

நான் ஏன் மாற்றினேன் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார். போன ஒக்டோபரில் உன் குசினியில் இருந்து பில்லைக் காட்டினாய். சிறுநீரக மெசின் கிழமைக்கு நான்கு நாள் ஓடுகிறது, இவருக்கு எந்த நேரமும் குளிர், ஹீற்றரை நிறுத்த ஏலாது என்று சொன்னாய். அன்றிரவே பதினெட்டுக் கம்பனிகளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யூனிட்டுக்கு எவ்வளவு, நாளாந்தக் கட்டணம் எவ்வளவு, ஒரு வருடத்துக்கு விலை ஏறாதா என்றெல்லாம் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தேன். உனக்கு அது பெரிய மிச்சம்.

இதற்குமேல் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று நீயே எழுது.

உன் அண்ணன்
பெனடிக்ற்


எட்மண்டன்
10 பெப்ரவரி 2025

அண்ணை,

கடிதம் கிடைத்தது. இவர் வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டு முடிந்ததும், "கொண்ணர் சொல்லுறதும் சரிதானே" என்றார். இவர் எப்போதும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. 2022 இலும் எங்கள் தெருவில் இதே வேலை நடந்தது. அந்த முறை இரண்டு நாளைக்கு முன்பே ஒரு பெண் எங்களுக்குப் போன் எடுத்தாள். உங்கள் வீட்டில் சிறுநீரக மெசின் இருப்பதாக எங்களிடம் பதிவு இருக்கிறது, செவ்வாய்க்கிழமை காலை கறண்ட் இராது, அந்த நேரம் மெசினைப் போடாதீர்கள் என்று சொன்னாள். வேலை முடிந்த பிறகும் எடுத்து, எல்லாம் சரியா என்று கேட்டாள். இந்த முறை ஒருவரும் எடுக்கவில்லை. அதே வீடு, அதே மெசின், அதே ஆள். மாறினது கம்பனி மட்டும்தான்.

ஏன் எடுக்கவில்லை என்று பார்த்து எழுதுங்கள். விலை விபரம் வேண்டாம்.

பியற்றிஸ்


ஹரோ
16 பெப்ரவரி 2025

அன்புள்ள பியற்றிஸ்,

உன் கடிதம் வந்த மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். ஐம்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். விசேட கவனம் தேவைப்படுகிற வீடுகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. மெசினில் இருப்பவர்கள், தனியே இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் அதில் இருப்பார்கள். கம்பிக்காரர் வேலை தொடங்க முன்பு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போன் எடுப்பார்களாம். கம்பனி மாறும்போது புதிய கம்பனியிடம் அதைத் திரும்பவும் சொல்ல வேண்டும். உன் வீடு அதில் இல்லை என்றாள்.

நான் அவளோடு சண்டை பிடித்தேன். எப்படி இல்லாமல் போகும், உங்கள் பிழை என்று கத்தினேன். அவள் பொறுமையாக விண்ணப்பத்தை எடுத்து வாசித்தாள். "வீட்டில் மருத்துவக் கருவியை நம்பி இருப்பவர் எவரும் உண்டா?" என்பது கேள்வி. பதில், "இல்லை." ஒக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பத்தொன்று.

அந்தப் பதிலைப் போட்டவன் நான், பியற்றிஸ்.

அன்று கோயில் மண்டபத்தில் கம்பியூட்டரை வைத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு சனம் வரிசையில் நின்றது. பங்குச் சுவாமி பூசையில் இந்த உதவியை அறிவித்து என் பெயரைச் சொல்லியிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன். உன்னுடையதைக் கடைசியாகச் செய்தேன். அந்தக் கேள்விக்கு "ஆம்" என்று போட்டால் இன்னொரு பக்கம் திறந்தது. மெசினின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர், டொக்டரின் பெயர் எல்லாம் கேட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது. உன்னிடம் கேட்டிருக்கலாம். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், மண்டபத்தைப் பூட்ட ஆள் நின்றது. பின்னுக்குப் போய் "இல்லை" என்று மாற்றினேன். பிறகு சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

மறந்துவிட்டேன் என்றும் சொல்ல ஏலாது. அடுத்த நாள் பூசையில் நிற்கும்போது நினைவு வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன்.

இப்போது உன் வீட்டைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அவர்கள் அனுப்பிய உறுதிக் கடிதத்தின் பிரதி இதனோடு இருக்கிறது. முதல் கடிதத்தில் நான் எழுதியவை எல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை நான் வந்து உங்கள் இரண்டு பேரையும் பார்க்கலாமா?

பெனடிக்ற்


எட்மண்டன்
27 பெப்ரவரி 2025

அண்ணை,

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் இரண்டு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்திருக்கும். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காலை பத்தே முக்கால் இருக்கும். இவரை மெசினில் போட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது, இன்னும் இரண்டு கிடந்தது. நான் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றேன். பிரிட்ஜின் சத்தம் நின்றது. அப்படி நிற்கும்போதுதான் அது அவ்வளவு நேரமும் சத்தம் போட்டிருக்கிறது என்று தெரிகிறது. உடனே முன்னறையில் மெசின் கத்தத் தொடங்கியது.

எங்கள் மெசினில் இருக்கிற பற்றரி கத்துவதற்கு மட்டும்தான் போதும், இரத்தத்தை ஓட வைக்காது. இவருடைய உடம்பிலிருந்து வெளியே வந்த இரத்தம் குழாயில் அப்படியே நின்றது. ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு இருக்கும். நின்றால் உறைந்துவிடும். மெசினில் ஒரு கைபிடி இருக்கிறது, அதைக் கையால் சுற்றி இரத்தத்தை உள்ளே அனுப்ப வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரேயொரு நாள் தண்ணீரை வைத்துப் பழக்கினார்கள். இரத்தத்தோடு நான் செய்ததில்லை.

தாதி மேனுஷாவுக்குப் போன் எடுத்து மேசையில் வைத்தேன். எந்தக் குழாயைப் பூட்ட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கைபிடியைப் பிடித்தேன். இவர் என்னைப் பார்த்து, "அவசரப்படாதை, மெல்லச் சுத்து, நான் எங்கயும் போகேல்லை" என்றார். சுற்றினேன். முக்கால்வாசி போன பிறகு இறுகிவிட்டது. மேனுஷா நிறுத்தச் சொன்னாள். மிச்ச இரத்தம் குழாயிலேயே உறைந்தது. இவருடைய உதடு வெளிறிப்போனது. "பியற்றிஸ், கண் இருட்டுது" என்றார். அம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம்.

ஆறு நாள் வைத்திருந்தார்கள். இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் ஆளுக்கு வேறு இரத்தம் ஏற்றினால், பிறகு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது இன்னும் கடினமாகலாம் என்று டொக்டர் சொன்னார். ஏழு வருடமாகக் காத்திருக்கிறோம்.

இவரை ஏற்றும்போது தெருவில் வேலை செய்த ஒருவன் கிட்ட வந்தான். எல்லா வீட்டுக்கும் கடிதம் போட்டோமே என்றான். எங்களுக்கு வரவில்லை என்று நடுத்தெருவில் நின்று அவனை ஏசினேன். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த "இல்லை" எனக்குள் இறங்கவில்லை. இந்த வீட்டில் அப்படி ஒரு ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். கதிரை அடுக்குகிற நேரத்தில்.

வரவேண்டாம். இவர் வரச் சொல்கிறார். எனக்கு இன்னும் ஏலாது.

பியற்றிஸ்


ஹரோ
15 மார்ச் 2025

அன்புள்ள பியற்றிஸ்,

உன் கடிதத்தை மூன்று நாள் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மெலனியிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, மிச்சப் பதினொரு வீட்டுக்கும் என்ன பதில் போட்டீர்கள் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. சில வீட்டுக்கு அவர்களிடம் கேட்டுப் போட்டேன். சிலருக்குக் கேட்காமலே "இல்லை" போட்டிருப்பேன். எது யாருக்கு என்று நினைவில்லை.

போனில் கேட்க மனம் வரவில்லை. இந்த இரண்டு கிழமையும் வேலை முடிந்து ஒவ்வொரு வீடாகப் போனேன். என்ன செய்தேன், உன் வீட்டில் என்ன நடந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன் கதையைச் சொன்னதற்கு மன்னித்துக்கொள், அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியவில்லை. அநேகமானோர் தேத்தண்ணி தந்து, பரவாயில்லை என்றார்கள். அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

எட்வேட் அப்படிச் சொல்லவில்லை. அவனுடைய மாமியார் மேல் அறையில் ஒட்சிசன் மெசினோடு படுத்திருக்கிறார். நான் மண்டபத்தில் இருந்து மாற்றிய நாளிலும் அவர் அந்த அறையில்தான் இருந்திருக்கிறார். எட்வேட் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி, "தெரியாட்டி கேட்டிருக்கலாமே, பெனடிக்ற். உனக்கு வாய் இல்லையா?" என்றான். ஓம், கேட்டிருக்கலாம் என்றேன். அவனுடைய வாசல் படியில் இருந்துதான் கம்பனிக்குப் போன் எடுத்துப் பதிந்தேன். முடியும்வரை அவன் பக்கத்தில் நின்றான்.

கடைசியாக அப்டன் பார்க்குக்குப் போனேன். குகதாசன் அண்ணை, முன்பு என்னோடு வேலை செய்தவர். மனைவி தவறிய பிறகு கடைக்கு மேலே ஒரு அறையில் தனியே இருக்கிறார். அவருக்கு மெசின் ஒன்றும் இல்லை. ஆனால் வயதையும் தனியே இருப்பதையும் சொல்லிச் சேர்க்கலாம் என்று பட்டியலைப் பற்றி விளங்கப்படுத்தினேன். அவர், "அப்ப, ஒருத்தரும் இல்லாத ஆளுக்கும் போன் எடுப்பினமோ?" என்று கேட்டார். எடுப்பார்கள் என்றேன். என்னோடு கீழே வந்து பஸ் வரும்வரை நின்றார்.

இதனால் உன் வீட்டில் நடந்தது மாறாது. மெலனி கேட்டிராவிட்டால் நான் போயிருக்கவும் மாட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும் போல இருந்தது.

பெனடிக்ற்


எட்மண்டன்
23 மார்ச் 2025

அண்ணை,

இதை எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் கம்பனி மாற்றிய பிறகு எங்கள் வீட்டுக்குக் கடிதம் வராத நாளில்லை. பழைய கம்பனி கடைசிப் பில் என்று ஒன்று அனுப்பும், அதற்குப் பிறகு இன்னொரு கடைசிப் பில் வரும். புதிய கம்பனி வரவேற்கிறோம் என்று அனுப்பும். காஸ் இணைப்பு மாறவில்லை என்றார்கள், பிறகு மாறிவிட்டது என்றார்கள், பிறகு மீற்றர் இலக்கம் பிழை என்றார்கள். பகலில் இவரோடு, இரவில் வேலை. டிசம்பருக்குப் பிறகு நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. வருவதையெல்லாம் ஒரு கடைப் பைக்குள் போட்டுக் குசினி அலுமாரிக்குக் கீழே தள்ளினேன். உங்களைக் கேட்டிருக்கலாம். அண்ணைக்கு எல்லாம் சுகமாக முடிந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைத் தேடி அந்தப் பையைக் கொட்டினேன். அதற்குள் ஒரு வெள்ளை உறை. பெயர் இல்லை, வீட்டில் குடியிருப்பவருக்கு என்று மட்டும் இருந்தது. பிரித்தேன். ஜனவரி பதினான்கு, காலை பத்தரையிலிருந்து பின்னேரம் இரண்டரைவரை கறண்ட் இராது. கீழே கறுப்பு எழுத்தில், வீட்டில் மருத்துவக் கருவி இருந்தால் உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று இருந்தது.

அந்தத் தெரு வேலைக்காரன் பொய் சொல்லவில்லை. நான் அவனைக் கள்ளனை ஏசுவதுபோல ஏசினேன். உங்களையும் இரண்டு மாதமாகக் குற்றவாளியாக வைத்திருந்தேன். கடிதம் வரவில்லை என்று எல்லாருக்கும் சொன்னேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. ஆனால் அந்தப் பை அங்கே கிடக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியும். திறந்து பார்க்கப் பயந்தேன்.

இவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார். திரும்ப மடித்து உறைக்குள் வைத்தார். "இதைக் கொண்ணருக்கு எழுது" என்றார். நான் அழுது முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், ஊசி குத்தித் தழும்பு விழுந்த அந்தக் கையால்.

பியற்றிஸ்


ஹரோ
29 மார்ச் 2025

அன்புள்ள பியற்றிஸ்,

உன் கடிதத்தை வாசித்ததும் ஒரு நிமிடம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு இருக்கவில்லை. அந்தப் பை நிறையக் கடிதம் வரப் பண்ணியவன் நான். மாற்றிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வருகிற கடிதத்தை யார் வாசிப்பது என்று யோசிக்கவில்லை.

நீ தனியே எவ்வளவு சுமக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டியவனும் நான்தான்.

இந்தக் கம்பனி உனக்குச் சரிவராது. ஒப்பந்தத்தை இடையில் முறிக்கலாம், அதற்குரிய காசை நான் கட்டுவேன். ஆனால் அடுத்த கம்பனியை நான் தெரிந்தெடுக்கப் போவதில்லை. நீ தெரிந்தெடு. ஏதும் விளங்காவிட்டால் கேள், எந்த நேரமும் சொல்லித் தருவேன். விலையை மட்டும் பார்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

பெனடிக்ற்


எட்மண்டன்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணை,

கம்பனி மாற்றிவிட்டேன். நானே மாற்றினேன்.

கம்பியூட்டரில் செய்யவில்லை. இவர் மெசினில் இருக்கும் நாட்களில் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஒவ்வொரு கம்பனியாகப் போன் எடுத்தேன். முதலாவது கம்பனியில் மனிதரே வரவில்லை, இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று சுற்ற விட்டது. இரண்டாவதில் ஒரு பெடியன் மரியாதையாகத்தான் பேசினான். வீட்டில் சிறுநீரக மெசின் இருக்கிறது என்றேன். நல்லது, உங்கள் தபால் இலக்கம் என்ன என்றான். வைத்துவிட்டேன்.

மூன்றாவதில் ஒரு பெண். மெசின் என்றதும் விலைப் பேச்சை நிறுத்திவிட்டாள். எந்தெந்த நாள் ஓடுகிறது, எத்தனை மணித்தியாலம், நீங்கள் தனியாகவா பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். கேள்வி விளங்காவிட்டால் திரும்பச் சொன்னாள், அவசரப்படுத்தவில்லை. காஸும் கறண்டும் இரண்டும் அவர்களிடமே, ஒரே பில். கடிதத்தைத் தமிழில் அனுப்ப அவர்களால் ஏலாது, ஆனால் பெரிய எழுத்தில் அனுப்புவார்களாம். உங்கள் கம்பனியைவிடக் கொஞ்சம் விலை கூட. நாங்கள் இரண்டு பேரும் கதைத்து, பரவாயில்லை என்று முடிவெடுத்தோம். அவள் பதிந்ததைத் திரும்ப வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு பதிலையும் கேட்டுச் சரி பார்த்தேன்.

கம்பிக்காரருக்கும் ஒரு கடிதம் எழுதினேன். அன்று தெருவில் நான் ஏசிய ஆள் யாரென்று தெரியாது, பிழை என்னுடையது என்று அவருக்குச் சொல்லுங்கள் என்று எழுதினேன். சொல்வார்களோ தெரியாது.

டொக்டர் புதிய இரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார். முடிவு மே மாதம்தான். பொருத்தம் பார்க்கிற பட்டியலில் இவருடைய இடம் போகவில்லை, அதுவே இப்போதைக்குப் போதும்.

அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. இவருக்கு அன்று மெசின் இல்லை. மச்சாளையும் கூட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வாருங்கள். வந்த உடனே மன்னிப்பு என்று தொடங்கினால் நான் குசினிக்குள் போய்விடுவேன். இருந்து சாப்பிடுங்கள், இவரோடு கதையுங்கள். எனக்கு உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் மெல்லப் போகும்.

இன்னொன்று. எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பெண், உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால் நாங்கள் கூப்பிடுவதற்கும், கடிதத்தின் பிரதி அனுப்புவதற்கும் வேறு யாருடைய பெயராவது தர விருப்பமா என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினாள். உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாள், அண்ணன் என்றேன். கூப்பிட்டால் அவர் எடுப்பாரா என்று கேட்டாள்.

அவ்வளவு நேரமும் இங்கிலிஷில் பேசிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு பதில் மட்டும் தமிழில் வந்துவிட்டது. "ஓம்" என்றேன். அவளுக்கு விளங்கியது.

உங்கள் தங்கை
பியற்றிஸ்